அறிவிப்புக்கு மறுநாள்

2025 மே 20 அன்று அய்சாலில் நடந்த விழாவில் முதல்வர் லால்துஹோமா, மிசோரம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகிவிட்டது என்று அறிவித்தார். தமிழ்ப் பத்திரிகைகளில் அது உள்பக்கச் செய்தி. ஆனால் அதற்குப் பின்னால் பெரிய வேலை நடந்திருந்தது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து எழுதப் படிக்கத் தெரியாத 3,026 பேரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 1,692 பேர் கற்கத் தயாராக இருந்தார்கள். 292 தன்னார்வலர்கள் அவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 91 சதவீதத்தைத் தாண்டியிருந்த மாநிலம் அது. இப்போது அதன் எழுத்தறிவு 98.2 சதவீதம்.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் லடாக் இதே அறிவிப்பைச் செய்தது. மிசோரமுக்குப் பத்து நாள் கழித்து கோவா, அடுத்த மாதம் திரிபுரா, செப்டம்பரில் இமாச்சலப் பிரதேசம் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. அதே 2025 ஜனவரியில் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நான்கில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடிகிறது என்றது அது. இரண்டையும் ஒரே ஆண்டில் படிக்கிற வாசகருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றும்.

இரண்டும் உண்மை. யாரைக் கேட்டார்கள், எதைக் கேட்டார்கள், எந்தக் கோலால் அளந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. எழுத்தறிவு பற்றிய செய்திகளைத் தொடர்ந்து கவனிக்க விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த அளவுகோல்களைத்தான்.

மிசோரமின் அறிவிப்பில் ‘முழு’ என்ற சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்குத் தெரிவித்ததன்படி, 95 சதவீதத்தை எட்டினால் அது முழு எழுத்தறிவுக்குச் சமம். முன்பு தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் அந்தக் கோடு இன்னும் கீழே இருந்தது. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புறத்துப் பெண்மணி, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று மேடையேறி அறிவித்தார். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளத்தின் எழுத்தறிவு 89.81 சதவீதம். அதாவது பத்தில் ஒருவர் வெளியேதான் நின்றார். அதனால் அந்த நாளின் பெருமை குறைந்துவிடாது. அமைச்சரோ அதிகாரியோ சொல்ல வேண்டிய வாசகத்தைப் புதிதாகக் கற்ற ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள் என்பது இன்றும் நினைக்க நினைக்க நெஞ்சை நிறைக்கிறது. ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் யார் என்ற கேள்வி அன்றைய கைதட்டலில் கேட்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கோல் எளிமையானது. ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர், ஏதாவது ஒரு மொழியில் புரிதலோடு எழுதவும் படிக்கவும் தெரிந்திருந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாவிட்டால் கணக்கில் வரமாட்டார். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்று இல்லை. பிரெய்ல் படிப்பவரும் எழுத்தறிவு பெற்றவரே. வரையறை கறாராகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கெடுப்பாளர் யாருக்கும் சோதனை வைப்பதில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்கிறார். வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார். மாமியாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பேருந்துப் பலகையைப் பார்த்து ஊர் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார் என்றால், மருமகள் ‘தெரியும்’ என்றுதான் சொல்வார். அதில் பொய் இல்லை, வீட்டுப் பெரியவருக்குத் தருகிற மரியாதையும் கலந்திருக்கிறது. அப்படிச் சேர்ந்த பதில்களின் கூட்டுத்தொகைதான் 2011இல் இந்தியாவுக்குச் சுமார் 73 சதவீதம், தமிழ்நாட்டுக்குச் சுமார் 80 சதவீதம் என்று வந்தது.

பழைய எண்களோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1991க்கு முன்பு ஐந்து வயதிலிருந்தே பிள்ளைகளைக் கணக்கில் சேர்த்தார்கள். 1991இல் அதை ஏழு வயதாக மாற்றினார்கள். இன்னும் பள்ளிக்கே போகாத சின்னஞ்சிறு பிள்ளைகள் கணக்கிலிருந்து விலகியதும் சதவீதம் சற்று ஏறத்தானே செய்யும். ஒரே வரைபடத்தில் பல பத்தாண்டுகளின் வளர்ச்சியைக் காட்டும் கட்டுரைகள் இந்த மாற்றத்தைச் சரிக்கட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, ‘தெரியும்’ என்று ஒருவர் சொல்வதைப் பதிந்துகொள்வது போதாது என்று ஒரு தேர்ச்சி நிலையை வகுத்தார்கள். எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்து எழுதுவது நிமிடத்துக்கு 7 சொல், சொல்லச் சொல்ல எழுதுவது 5 சொல். ஒன்று முதல் நூறு வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். பகலெல்லாம் களை எடுத்துவிட்டு இரவு ஏழு மணிக்கு மேல் அரிக்கேன் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு இது பெரிய மலை. இப்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 150 மதிப்பெண் தேர்வு ஒன்றை நடத்துகிறது. படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா ஐம்பது. 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி.

தேர்வு என்றதும் கார்த்தியாயினி அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த அவர், 2018இல் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் ‘அட்சரலட்சம்’ தேர்வைத் தன் 96ஆவது வயதில் எழுதி 98 மதிப்பெண் வாங்கினார். படிப்பிலும் கணக்கிலும் முழு மதிப்பெண். எழுத்தில் மட்டும் இரண்டு குறைந்தது. குடியரசுத் தலைவரிடம் பெண் சக்தி விருது பெற்ற அவர் 2023இல் காலமானார். கேரளத்தின் எர்ணாகுளத்தில் முதல் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஐந்து வயதிலிருந்து அறுபது வயது வரைதான் இலக்கு. தேசிய இயக்கத்தின் முதன்மை இலக்கோ பதினைந்திலிருந்து முப்பத்தைந்து. கார்த்தியாயினி அம்மாவைப் போன்றவர்கள் அந்தக் காலத்துத் திட்டங்களின் வட்டத்துக்குள்ளேயே வரவில்லை. ‘முழு’ என்ற செய்தியைப் பார்த்ததும் எந்த வயதுக்காரர்களில் முழு என்று தேடிப் பார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது.

பிள்ளைகள் பற்றிய செய்தியின் கோல் முற்றிலும் வேறு. ‘அசர்’ என்ற பெயர் ஒவ்வோர் ஆண்டறிக்கை நேரத்திலும் காதில் விழும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய ஆய்வு அது. பிள்ளைகளைச் சோதிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை, வீட்டுக்குப் போகிறார்கள். கிராமப்புற மாவட்டம் ஒவ்வொன்றிலும் முப்பது ஊர்கள், ஊருக்கு இருபது வீடுகள். உள்ளூர்க் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் கையில் ஒரு தாளோடு வருகிறார்கள். தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்பு அளவில் நான்கு வரிப் பத்தி ஒன்று, இரண்டாம் வகுப்பு அளவில் சிறு கதை ஒன்று. பிள்ளையிடம் முதலில் பத்தியைக் கொடுக்கிறார்கள். தடுமாறாமல் படித்தால் கதைக்குப் போகிறார்கள். திணறினால் சொற்களுக்கு இறங்குகிறார்கள், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். சில நிமிட வேலை. திண்ணையில் அப்பாவும் ஆத்தாவும் பார்த்துக்கொண்டிருக்க இது நடக்கும். பல பெற்றோர்கள் தம் பிள்ளை படிப்பதை முதன்முதலாகக் காதால் கேட்கும் தருணமே இதுதான். இந்த ஆய்வின் பெரிய பயன் அறிக்கையைவிட அந்தத் திண்ணையில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

2024 சுற்றில் 605 மாவட்டங்களில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பில் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் 27.3 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022இல், 20.5 ஆகச் சரிந்தது. 2024இல் 27.1க்கு மீண்டது. தமிழ்நாட்டின் எண் 2018இல் 10.2 ஆக இருந்து 2022இல் 4.8க்கு விழுந்தபோது இங்கே பெரும் அதிர்ச்சி. பேருந்திலும் பள்ளி வாசலிலும் அது பேச்சாயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகள் அந்த நோய்க்காலத்தில் மிக நீண்ட நாள் மூடியிருந்தன என்பதை அந்த எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் 2018இலேயே அது பத்துதான் என்பதையும் மறைக்க முடியாது.

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. தமிழில் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், இருநூற்றுப் பதினாறு உயிர்மெய், ஓர் ஆய்தம். பிள்ளை கற்க வேண்டியது இருநூற்று நாற்பத்தேழு வடிவம். ‘கொ’ என்று படிக்கையில் ஒகர ஒலி ககரத்துக்குப் பின்னால் வருகிறது, அடையாளமோ முன்னும் பின்னும் நிற்கிறது. சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், அந்த எழுத்துமுறையைப் பிள்ளைகள் முழுதாக வசப்படுத்திக்கொள்ள நான்காம் வகுப்பு வரை ஆகிறது என்று காட்டினார். கன்னடத்துக்குச் சொன்னது தமிழுக்கும் பெருமளவு பொருந்தும். எனவே மூன்றாம் வகுப்பில் ஒரு மாநிலத்தை இன்னொரு மாநிலத்தோடு நேருக்கு நேர் நிறுத்தி ‘நாம் கடைசி’ என்று போடும் தலைப்பு முழு நியாயம் செய்யாது. அதே மாநிலத்தின் எண் ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் போகிறது என்று பார்ப்பதே மேல். அதே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் வரும்போது எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளியும்.

அரசு நடத்தும் தேசிய அடைவுத் தேர்வின் எண்கள் அசரோடு ஒத்துப்போகாததும் இதேபோன்ற காரணத்தால்தான். 2021 நவம்பரில் நடந்த அந்தத் தேர்வும், 2024 டிசம்பரில் ‘பரக்’ என்ற பெயரில் நடந்த அடுத்த சுற்றும் பள்ளிக்குள் நடந்தவை. நகரமும் கிராமமும் அதில் உண்டு. அன்று பள்ளிக்கு வந்த பிள்ளைகள் மட்டும் எழுதுவார்கள். அசரில் பள்ளிக்கு வராத பிள்ளையும் உண்டு, நகரத்துப் பிள்ளை இல்லை. ஒன்றில் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றதில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு தரப்பு ஒன்றையும் எதிர்த்தரப்பு மற்றதையும் தூக்கிப் பிடிக்கையில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

இத்தனை கோல்களாலும் அளக்க முடியாத ஒன்று உண்டு. எழுத்து கையில் வந்த பிறகு மனிதர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது. அதற்கு இந்தியாவிலேயே சிறந்த சான்று புதுக்கோட்டைதான். அந்தக் கதை எர்ணாகுளத்தில் தொடங்குகிறது.

1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து நடத்திய இயக்கம் அது. கண் மங்கிய முதியவர்கள் பலகையைப் பார்க்க முடியாமல் தவித்ததைக் கண்டு, ஊராரிடம் பழைய மூக்குக்கண்ணாடிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த வெற்றியைப் பார்த்து நாடெங்கும் மாவட்டங்கள் கிளம்பின. தமிழ்நாட்டில் அது அறிவொளி இயக்கம் என்ற பெயரோடு வந்தது. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ஊழியர்களும், சம்பளம் வாங்காமல் பாடம் நடத்த வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் தோள் கொடுத்தார்கள். ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் போயின. பாட்டும் வீதி நாடகமும் நடக்கும் இடத்துக்குக் கூட்டம் வரும், கூட்டத்திலிருந்து வகுப்புக்கு ஆள் சேரும்.

பாடம் சொல்லித்தரப் பெண்கள் ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. பேருந்து எப்போதோ ஒன்று வரும். ஆட்சியரும் இயக்கத்தாரும் சைக்கிளைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்கள். பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. தொண்டர்கள் மட்டுமின்றி விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழக வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம், அது வசதி என்றார்கள். கேலியும் வசவும் வராமல் இல்லை. பெண் சைக்கிள் ஓட்டினால் குணத்தையே இழுத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று கொடி கட்டிய சைக்கிள்களில் ஆயிரத்து ஐநூறு பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனபோது நகரமே நின்று பார்த்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதினார், 1996இல் வெளிவந்த அவருடைய வறுமை பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தில் அது ஓர் அத்தியாயம். பிறகு அது இந்தியில் எட்டாம் வகுப்புப் பாடமாகி, புதுக்கோட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாத வடநாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் படித்தார்கள்.

சைக்கிள் வந்ததும் தண்ணீர் கொண்டுவருவது, விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது எல்லாமே மாறின. கணவனோ அண்ணனோ கொண்டுபோய் விடும்வரை காத்திருந்த பெண், வேலை முடிந்ததும் தானே கிளம்பினாள். கொத்தடிமையாகக் கல்லுடைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்த கதையும் இதே காலத்தில் இதே மாவட்டத்தில்தான் நடந்தது. கூலிக் கணக்கைத் தாங்களே எழுதிச் சரிபார்க்க முடிந்ததும், இடைத்தரகருக்கு எவ்வளவு போயிற்று என்பது தாளில் தெரிந்தது. 1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அதன் பிறகு அங்கே தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி, 2013இல் அந்த இயக்கத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போகும் பெண்களை அவர் கூர்ந்து கவனித்திருக்கிறார். கைநாட்டு வைத்துப் பழகியவர் தம் பெயரைத் தாமே எழுதி மனுவில் இடுவதும், அந்த மனுவோடு அதிகாரியின் முன்னால் போய் நிற்பதும் வேறொரு துணிவைத் தருகின்றன. ஆனால் மனு எழுதத் தெரிந்தவர் எல்லோருக்கும் நிலமோ குடிநீரோ கிடைத்துவிடவில்லை என்பதையும் அந்தப் புத்தகம் ஒளிக்கவில்லை. எழுத்தறிவைப் பற்றி உணர்ச்சி மேலிட எழுதப்படும் பலவற்றில் இந்த நேர்மை இருப்பதில்லை.

ஆந்திரத்தின் நெல்லூரில் நடந்தது இன்னும் பெரிய அலை. அங்கே எழுத்தறிவு வகுப்புகளில் கொடுத்த பாடங்கள் சாராயத்தால் குடும்பம் சிதைவதைப் பற்றிப் பேசின. பாடத்தைப் படித்த பெண்கள் அதைப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, தம் வீட்டுக் கதையாக எடுத்துக்கொண்டார்கள். துபகுண்ட என்ற ஊரில் பெண்கள் திரண்டு சாராயக்கடையை மூடவைத்தார்கள். அந்தச் செய்தியே அடுத்த புத்தகத்தில் பாடமாக வந்தது. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்கள் தங்கள் ஊர்க் கடை வாசலுக்குப் போனார்கள். 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்து, 1997இல் தளர்ந்தது. சட்டம் நிலைக்கவில்லை என்றாலும், புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்காக எழுதிய ஒரு சிறு பாடம் மாநில அரசின் வருமானத்தையே ஆட்டிப் பார்த்தது என்பது வரலாறு.

இந்த இரண்டு ஊர்களிலும் ஒரு பொதுவான தன்மை தெரிகிறது. எழுத்து கற்றவர்களின் கையில் உடனே படிக்க ஏதோ இருந்தது, படித்ததைப் பேச ஒரு கூட்டமும் இருந்தது. அது இல்லாத இடங்களில் என்ன ஆனது என்பதுதான் செய்தியில் வராத பகுதி. புதிதாகக் கற்ற பெரியவர்கள் படிக்கப் பொருளில்லாமல் விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் மறந்துபோகிறார்கள். கையெழுத்து மட்டும் மிஞ்சுகிறது. இதை முன்கூட்டியே உணர்ந்துதான் அறிவொளிக்குப் பின் வளர்கல்வி மையங்களைத் திறந்தார்கள். ஊருக்கு ஒரு சிறு அறை, ஓர் அலமாரி, பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைப் புத்தகங்கள், நாளிதழ். ஆர்வமுள்ள பணியாளர் கிடைத்த ஊரில் அது ஊர்ச் சாவடிபோல நடந்தது. மற்ற இடங்களில் பூட்டுத்தான். 2009இல் அந்த ஏற்பாடு முடிந்து கற்கும் பாரதம் வந்தது. 2018இல் அதுவும் நின்றது. பிறகு கற்போம் எழுதுவோம், 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ஐந்தாண்டில் ஐந்து கோடிப் பேர் என்பது இதன் இலக்கு. ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளில், பாதி கற்றவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. திட்டத்தின் பெயர் மாறும் செய்தியைப் படிக்கும்போது, பழைய திட்டத்தில் பாதியில் நின்றவர்கள் புதியதில் சேர்ந்தார்களா என்று கேட்கும் பத்திரிகையாளர்கள் நமக்கு நிறையத் தேவை.

கேரளம் ஓரளவு தப்பித்ததற்குக் காரணம், எழுத்தறிவு இயக்கத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே அங்கே நூலக இயக்கம் வேர் விட்டிருந்ததுதான். 1945இல் பி. என். பணிக்கர் திருவிதாங்கூரின் ஊர் நூலகங்களை ஒரே சங்கமாகச் சேர்த்தார். அவர் மறைந்த ஜூன் 19 இன்றும் அங்கே வாசிப்பு நாள். எழுத்துக் கற்றவர் போய் உட்கார ஊரிலேயே ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கான முயற்சிகள் அண்மையில் வேகம் பிடித்திருக்கின்றன. பள்ளிகள் மூடியிருந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வயதால் பிரிக்காமல் அவரவர் கற்ற நிலைக்கு ஏற்பக் குழுவாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. ஒரு பிள்ளை தானே தொடங்கித் தானே முடிக்கக்கூடிய மெல்லிய புத்தகங்கள் அவை. அறிவொளிக் காலத்தில் பெரியவர்களுக்காகக் கண்டுபிடித்த ஒரு பாடம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது: புத்தகத்தை முடித்தேன் என்ற மகிழ்ச்சி அடுத்த புத்தகத்தை எடுக்கவைக்கும்.

எழுத்தறிவின் எல்லையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில், வங்கி வேலைக்காகவும் நூறு நாள் வேலைக் கூலிக்காகவும் அலைந்துகொண்டிருந்தவர்களுக்குக் கைப்பேசியில் பணம் பார்க்கவும் அனுப்பவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கிருந்து மாநிலம் முழுக்கப் பரவி, 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு இணைய எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் புதிய வரையறையும் எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிவதோடு கைப்பேசி அறிவையும் பணம் பற்றிய அறிவையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவி, வங்கியில் ஒருமுறைக் கடவுச்சொல் என்று வாழ்க்கை மாறியிருக்கும்போது இது தேவைதான். ஆனால் குரலில் பேசியே செய்தி அனுப்பலாம், படம் பார்த்தே பொத்தானை அழுத்தலாம் என்பதால், எழுத்துத் தெரியாதவரும் இந்த வகுப்பில் தேர்ச்சி பெற வாய்ப்பு உண்டு. அறிவிப்பைப் படிக்கிறவர் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் தொடர்ந்து அறிய விரும்புகிறவருக்கு வழி இப்போது எளிதாகியிருக்கிறது. அசர் அறிக்கையும் கணக்கெடுப்பு அட்டவணைகளும் அடைவுத் தேர்வின் மாவட்ட அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செய்தித் தலைப்பைப் பார்த்துவிட்டு நிற்காமல், தன் மாவட்டத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். மாநில சராசரி மறைப்பது அங்கே தெரிந்துவிடும். 2011இல் தமிழ்நாட்டின் சராசரி எண்பது என்றாலும், கன்னியாகுமரி தொண்ணூற்றிரண்டை ஒட்டி நின்றது, தருமபுரி எழுபதைத் தொடவில்லை. ஆண்களில் சுமார் 87 சதவீதம் பேருக்கு எழுத்துத் தெரிந்தது, பெண்களில் சுமார் 73 சதவீதம் பேருக்கு. தன் ஊர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்வதற்கு எந்த அறிக்கையும் தேவையில்லை.

அடுத்த பெரிய எண் தூரத்தில் இல்லை. பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். இந்த முறை கைப்பேசிச் செயலி மூலம் பதிவு, குடும்பத்தார் தாங்களே விவரம் நிரப்பவும் வழி உண்டு. எழுத்தறிவுக் கேள்விக்கு இம்முறையும் வீட்டார் சொல்வதுதான் விடை. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் ஐந்தாண்டும் அதே மார்ச் மாதத்தில் முடிகிறது. முன்னதன் முடிவுகள் வரும்போது, பின்னதன் நிதி தொடர்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் 2011இல் பத்தில் நான்கு பெண்கள் எழுத்தறிவு பெற்றவர் வரிசையில் இல்லை. அன்று முப்பது வயதிலிருந்த பெண் இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வகுப்பு நடத்த இன்னும் ஒரு திட்டம் இருக்குமா என்பது 2027 ஏப்ரலில் தெரியும்.